சிசிலியின் பதினாறு மணித்தியாலம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் சுற்றுவட்டத்தில் நான் ஏசாத ஆள் என்று யாரும் மிச்சமில்லை. சிசிலியையும் ஏசியிருக்கிறேன், அதுவும் இரண்டு தரம். ஒரு தரம் என் வீட்டு வாசலில், இன்னொரு தரம் அவள் வேலை செய்யும் கந்தோரில். இரண்டு தரமும் பிழை என்னுடையது. அவளைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் நானே எழுதுகிறேன். நன்றிக் கடனுக்கு எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிசிலிக்கு நாற்பத்தெட்டு வயது. மட்டக்களப்பு ஆள், வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள். இருபத்துமூன்று வயதில் கணவன் றூபன் ஸ்பொன்சர் செய்து மொன்றியலுக்கு வந்தவள். டவுன்டவுனில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பகுதியில் பதினொரு வருடம் வேலை செய்தாள். தோள்மூட்டுத் தேய்ந்ததும் அந்த வேலை போனது. அதே காலத்தில் தவணைக்கு வாங்கிய ஒரு சோபா ஆறு மாதத்தில் உடைந்து, கடைக்காரன் மாற்றித் தர மறுத்துவிட்டான். முறையிட வழி கேட்டு, எங்கள் கார்ட்டியர்வில் பக்கம் ஒரு பல் வைத்தியரின் கந்தோருக்கு மேலே இரண்டு அறைகளில் இருக்கும் பாவனையாளர் உதவி நிலையத்துக்குப் போனாள். சோபாவை மீட்கப் போனவள் அங்கேயே கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டாள். சம்பளம் கிழமைக்குப் பதினாறு மணித்தியாலத்துக்கு. அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். அதற்கு முன்னால் என் கதையைச் சொல்ல வேண்டும்.

என் கணவர் விமலநாதன் முப்பது வருடம் டவுன்டவுன் உணவகக் குசினிகளில் நின்றவர். கடைசி இரண்டு வருடம் நுரையீரல் இறுகி மூச்சுக்குத் தவித்து, ஓர் ஐப்பசி மாதம் போய்ச் சேர்ந்தார். வைத்தியர்கள் காரணம் இன்னதென்று அறுதியாகச் சொல்லவில்லை. எண்ணெய்ப் புகையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார்கள். மகள் நிருஷா வழக்கம்போல இணையத்தில் மரண அறிவித்தல் போட்டாள். பிறந்த ஊர், வாழ்ந்த இடம், இன்னாரின் மருமகன், இன்னாரின் மைத்துனர், கடைசியில் எங்கள் வீட்டு விலாசமும் தொலைபேசி இலக்கமும். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் போடுவோம். கள்ளனுக்கு இதைவிட வேறு அழைப்பிதழ் வேண்டுமா?

ஒன்பதாம் நாள் மத்தியானம் கறுப்புக் கோட்டுப் போட்ட இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். சப்பாத்தை வெளியே கழற்றினார்கள். படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றார்கள். அவருடைய வேலையிடத்து ஆட்கள் என்று நினைத்தேன். செத்தவீட்டுக்கு வந்தவனை யார் நீ என்று கேட்பதில்லையே. பிறகு மூத்தவன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினான். அதில் ஒரு தமிழ்க் குரல். யாரென்று கடைசிவரை நான் கண்டதில்லை.

"அக்கா, நாங்கள் வீட்டுக் காத்தைச் சோதிக்கிற ஆக்கள். அண்ணைக்கு என்ன வருத்தம் எண்டு தெரியுமே?"

"மூச்சுத்தான்," என்றேன். வாய் நீளம் என்றேனே.

"அப்ப கட்டாயம் ஒருக்காப் பாக்க வேணும், அக்கா. காசு ஒண்டும் தேவையில்லை."

இளையவன் ஏணி வைத்து அட்டிக்குக்குள் ஏறினான். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு வெளி. நான் அந்த வீட்டில் இருந்த பதின்மூன்று வருடத்தில் அதற்குள் தலை நீட்டியதில்லை. பத்து நிமிடத்தில் இறங்கி வந்து ஒரு படம் காட்டினான். மரச்சட்டம் முழுவதும் கரி பூசியதுபோல் கறுப்புப் பூஞ்சணம். ஒரு மின்சார வயரை நீல நைலோன் கயிற்றால் சட்டத்தோடு கட்டியிருந்தது.

"சொல்லக் கவலையாத்தான் இருக்கு, அக்கா," என்றது குரல். "இந்தக் காத்தைத்தான் அண்ணை இவ்வளவு நாளும் குடிச்சிருக்கிறார்."

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அந்த வருடம் சித்திரையில் இவர் ஒரு நாள் கட்டிலில் கிடந்தபடி, "கௌரி, மேல என்னவோ மணக்குது. ஆரையும் கூப்பிட்டுக் காட்டுவம்" என்றவர். நான் சமையல் வேலையால் வந்து களைத்துப்போய் நின்றேன். "பேந்து பாப்பம்" என்றேன். அந்தப் பேந்து, அந்தப் பிறகு, வரவேயில்லை.

கையெழுத்துப் போட்டேன். பதினெட்டாயிரம் டொலர், மாதத் தவணையில். பேரப்பிள்ளை வந்து மூச்செடுக்கப் போகிற வீடு என்று குரல் சொன்னது; பேரப்பிள்ளை இருப்பதும் அறிவித்தலில் இருந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இவர்கள் அணைந்த வீட்டிலும் பிடுங்கினார்கள்.

போகும்போது இரண்டு பேரும் எழுந்து, கைகூப்பி, ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார்கள். செத்தவீட்டில் 'போயிட்டு வாறன்' என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதைக்கூட அறிந்து நடக்கிறார்களே, என்ன பண்பான ஆட்கள் என்று நினைத்தேன். புத்தி கெட்டவள்.

மறுநாளே வெள்ளை உடுப்புப் போட்ட இரண்டு பேர் வந்து அட்டிக்குக்குள் ஏதோ அடித்துவிட்டு, முன்கதவுக் கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். இப்படி வீடு தேடி வந்து விற்பவனிடம் கையெழுத்துப் போட்டால், பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று எழுதி அனுப்பலாம். ஒப்பந்தத்தின் பின்பக்கம் அது பொடி எழுத்தில் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் சாவுத் துடக்கு. வந்த கடதாசி எல்லாவற்றையும் "முப்பத்தொண்டு முடியட்டும்" என்று ஒரு பையில் போட்டுவைத்தோம். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து நிருஷா பையைத் திறந்தபோது, கையெழுத்துப் போட்டு இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தாள். காலம் கடந்துவிட்டது என்றார்கள்.

காசு போனதைக்கூட ஒரு மாதிரிப் பொறுத்துக்கொண்டேன். என்னைத் தின்றது அந்தப் படம். நாலு பேருக்குக் காட்டுங்கள் என்று அதை என் தொலைபேசிக்கும் அனுப்பியிருந்தார்கள். நான் ஒருவருக்கும் காட்டவில்லை, தினமும் நானே பார்த்தேன். மருந்து அடித்துத் துடைத்த பிறகு மேலே ஏறிப் பார்த்து என்ன பயன் என்று அட்டிக் பக்கம் போகவும் இல்லை. அந்த நீலக் கயிற்றைப் பார்க்கும்போதெல்லாம், இதை இவர்தான் எப்போதோ ஏறிக் கட்டியிருப்பார் என்று தோன்றும். அவருடைய கை பட்ட முடிச்சு அது. அதைச் சுற்றி அவரைக் கொன்ற பூஞ்சணம். நான் அறிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பேந்து என்று நான் சொன்னதால்தான் அவர் செத்தாரா? இதை யாரிடம் கேட்பது? மகளிடம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். மகள் வேறு என்ன சொல்வாள்?

வருடம் திரும்பி ஆட்டைத் திவசம் முடிந்த கிழமை, வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் ஒரு பெரிய கோப்பு. கதவைத் திறந்ததும் திறக்காததுமாக நான் தொடங்கிவிட்டேன்.

"இந்த வீட்டில ஆரும் ஒண்டும் வாங்கிறதில்லை. சங்கக் காசும் இல்லை, சபைக் காசும் இல்லை. போம் பிள்ளை, போம்."

"அக்கா, நான் விக்க வரல்ல," என்றாள். "காசு சேர்க்கவும் வரல்ல."

"அப்ப என்னத்துக்கு வாசல்ல நிக்கிறீர்?"

"உங்கட கதவில ஒட்டியிருக்கிற பச்சை ஸ்டிக்கரைப் பற்றிக் கதைக்க வந்தன். நான் உள்ளுக்கு வர மாட்டன். இஞ்ச நிண்டே கதைக்கிறன்."

நான் கதவைச் சாத்தினேன். அவள் கதவிடுக்கால் ஒரு துண்டுக் கடதாசியை விட்டுவிட்டுப் போனாள். அடுத்த கிழமையும் வந்தாள். வெளியே சினோ, பனிதான், சொரிந்துகொண்டிருந்தது. உள்ளே வா என்று இரண்டு தரம் சொன்ன பிறகுதான் படியைத் தாண்டினாள். அது அவள் தனக்கு வைத்துக்கொண்ட சட்டம் என்று பிறகு சொன்னாள். வீட்டுக்குள் சுலபமாக வருகிறவன் விற்கிறவன், அவனைப்போல வரக் கூடாது என்று.

எங்களை அவள் கண்டுபிடித்த விதத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதலில் அருமைநாதன் என்ற வேதக்காரர் ஒருவர் அவளிடம் வந்திருக்கிறார். தாயின் அடக்கம் முடிந்த கிழமை இந்தக் கம்பனிக்காரர் வந்து ஏமாற்றியதாகச் சொன்னார். அவருக்குத் துடக்கும் இல்லை, முப்பத்தொன்றும் இல்லை. நாலாம் நாளே கடதாசியை வாசித்து, ஐந்தாம் நாள் வந்து, ஒப்பந்தத்தை முறித்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு சைவக் குடும்பம் வந்தது. அதே கம்பனி, அதுவும் செத்தவீடு, ஆனால் பத்து நாள் தாண்டிவிட்டது. மரண அறிவித்தலைப் பார்த்துத்தான் இவர்கள் வருகிறார்கள் என்று சிசிலிக்கு அப்போதுதான் பொறி தட்டியிருக்கிறது. ஒரு வருடத்து மரண அறிவித்தல்கள் முழுவதையும் இருந்து வாசித்தாள். மொன்றியல் விலாசம் உள்ளவற்றைத் தனியே எடுத்தாள். அறுபதுக்கு மேல் வீடுகள். பஸ் ஏறி, நடந்து, ஒவ்வொரு கதவாகப் போய்ப் பார்த்தாள். கதவில் பச்சை ஸ்டிக்கரை வைத்துக்கொண்டே "எங்களுக்கு அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை" என்றவர்கள்தான் கூட. ஏமாந்த குடும்பம் என்று பெயர் எடுப்பதைவிட மாதாமாதம் கட்டித் தொலைப்பது மேல் என்று நினைக்கிற சாதி நாங்கள். அவள் இரண்டு தரம், மூன்று தரம் போனாள். கடைசியில் ஒன்பது வீடுகள் சம்மதித்தன.

அவளுடைய கந்தோருக்குப் போனபோது என் கோப்பில் ஹோட்டல் சலவைக்காரர் உடுப்பில் குத்துகிற சின்ன இலக்கத் துண்டு ஒன்று குத்தியிருந்தது. 4 என்று இருந்தது.

"நீங்க இஞ்ச நாலாம் இலக்கம், அக்கா. பேர் சொல்லிக் கூப்பிட மாட்டன். மற்ற ஆக்கள் ஆரெண்டு கேட்கவும் வேணாம். ரெண்டு அறை உடுப்பை ஒண்டாப் போட்டா சாயம் பிடிக்கும்."

வழக்கு எப்போது என்று கேட்டேன். அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு காசுக் கதையைச் சொன்னாள்.

வழக்குப் போடுவது மாகாண அரசாங்கத்தின் வேலை. அங்கே வழக்கறிஞர் இருக்கிறார், சட்டம் இருக்கிறது. ஆனால் கையில் முறைப்பாடு இல்லாமல் வழக்கறிஞர் எதை வைத்து வழக்காடுவார்? தமிழில் அழுகிற அழுகையை யாராவது இருந்து கேட்டு, திகதி போட்டு எழுதி, பிரெஞ்சுக்கு மாற்றி, சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்க வேண்டும். நகரத்துக்கு இந்த வழக்கைப் போடும் அதிகாரம் இல்லை. ஆனால் எங்கள் பகுதிச் சபை வருடாவருடம் இந்த நிலையத்துக்கு ஒரு தொகை ஒதுக்கும். சினோ அள்ளுவதும், பூங்கா ஊஞ்சலுக்கு எண்ணெய் விடுவதும், சிசிலி என் முன்னால் இருந்து எழுதுவதும் ஒரே பையில் இருந்துதான். அந்த ஒதுக்கீடு மார்கழியோடு முடிகிறது. மிச்சம் இருக்கிற காசுக்கு இரண்டு விண்ணப்பம்: ஒன்று பூங்காவில் உள்ள பனிச்சறுக்குத் திடலின் உடைந்த பலகைகளை மாற்ற, மற்றது சிசிலியின் மணித்தியாலம். ஒன்பது வீட்டுச் சத்தியக் கடதாசியும் பங்குனி முடிவதற்குள் வந்து சேராவிட்டால் வழக்கில்லை என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். முடிந்திருந்ததோ மூன்று.

"அப்ப நீர் சம்பளமில்லாமல் மூண்டு மாசம் செய்யேலாதோ?" என்று கேட்டேன். எனக்கு வெட்கம் என்பதே இல்லை.

"ஏலும். செய்தா, அடுத்த வருசம் இது சும்மா செய்யிற வேலை எண்டு நினைப்பாங்க. பேந்து எண்டைக்கும் காசு தர மாட்டாங்க. அப்ப பத்தாவது வீட்டை ஆர் பாக்கிற?" என்றாள். "நீங்க சபைக்கு வந்து கேளுங்க. கூட்டத்தில கேள்வி கேட்க நேரம் இருக்கி. பேரைப் பதிஞ்சா ரெண்டு நிமிசம் தருவாங்க."

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். போனேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் ஒரு கார்டரியில், பிள்ளைகள் காப்பகத்தில், சமைக்கிறேன். என் பிரெஞ்சு முழுவதும் நாலு வயதுப் பிள்ளைகளிடம் படித்தது. கை கழுவினாயா, பங்கிட்டுச் சாப்பிடு, தள்ளாதே, அது நல்ல பழக்கம் இல்லை. இதற்கு மேல் எனக்கு வராது. சபையில் சட்டை கோட்டுப் போட்டவர்கள் வரிசையாக இருந்தார்கள். எனக்கு முன்னால் பனிச்சறுக்குத் திடலுக்காக ஒரு தகப்பன் கேட்டார், பாவம், நியாயமான மனிதர். பிறகு என் பெயரைக் கடித்துக் குதறிக் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் போனதும் சிசிலி எழுதித் தந்த கடதாசி எனக்கு வாசிக்க வரவில்லை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் தெரிந்ததைச் சொன்னேன்.

"பொன்ஜூர். ஒவ்வொரு மாரிக்கும் என் வீட்டுக்கு முன்னால் சினோ அள்ளுகிறீர்கள். மெர்சி. நான் கேட்காமலே செய்கிறீர்கள். நீங்கள் துப்புரவாக வைத்த நடைபாதையால்தான் கள்ளனும் வந்தான். அவன் வந்தது என் கணவர் செத்து ஒன்பதாம் நாள். சினோவுக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். கள்ளனுக்கு ஒரேயொரு சிசிலி. அவளையும் வீட்டுக்கு அனுப்பப் போகிறீர்களா? அது நல்ல பழக்கம் இல்லை."

சபையில் சிரித்தார்கள். சபைத் தலைவி சிரிக்கவில்லை. குனிந்து ஏதோ எழுதினார். நான் வேர்த்து விறுவிறுத்து வந்து சிசிலிக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் முன்னால் பார்த்தபடி என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள்.

வாக்கெடுப்பில் காசைப் பிரித்தார்கள். திடலின் பாதிப் பலகைகளுக்கு ஒரு பங்கு. சிசிலிக்குப் பங்குனி முடியும்வரை கிழமைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம். பதினாறு இல்லை, பன்னிரண்டு. அந்தத் தகப்பன் வெளியே வந்து என் கையைக் குலுக்கினார். அவரை நான் மறக்க மாட்டேன். அவருடைய பிள்ளைகள் அந்த மாரி முழுவதும் பாதித் திடலில் சறுக்கின. அவர்களுக்கும், என் பெயரை உச்சரிக்கத் தெரியாமல் எனக்காகக் கை உயர்த்தியவர்களுக்கும், இந்தப் பகுதியில் வரி கட்டுகிற முகம் தெரியாத சனங்களுக்கும் நான் கடமைப்பட்டவள். அவர்களுடைய சதங்கள்தான் சிசிலியின் ஒரு மணித்தியாலமாக மாறி என் முன்னால் பேனையோடு இருந்தன.

தையில் என் முறை வந்தது. அவள் கேட்கும் விதமே தனி. அவன் என்ன நிறச் சொக்ஸ் போட்டிருந்தான், எங்கே இருந்தான், தேத்தண்ணி குடித்தானா, எழும்பிப் போகும்போது என்ன சொன்னான்? ஒன்றும் சொல்லவில்லை, கைகூப்பினான் என்றேன். பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். செத்தவீட்டில் விடைபெறக் கூடாது என்று ஒரு வெள்ளைக்காரனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி என்று, அந்த வழக்கத்தை விளக்கி ஒரு முழுப் பக்கம் வழக்கறிஞருக்கு எழுதினாள்.

பிறகு படத்துக்கு வந்தோம். தொலைபேசியைப் பார்க்காமல் படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். சட்டத்தைச் சொன்னேன், கறுப்பைச் சொன்னேன், நீலக் கயிற்றைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உடைந்துவிட்டது. ஒரு வருடமாக ஒருவருக்கும் சொல்லாததை அவளிடம் கொட்டினேன். சித்திரையில் அவர் கேட்டதையும் நான் பேந்து என்றதையும் சொல்லி, "சிசிலி, நான்தானே அவரைச் சாகடிச்சது? உண்மையைச் சொல்லும்" என்று அவளுடைய கையைப் பிடித்தேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். எழுந்து போய்க் கழுவியிருந்த கோப்பையை மறுபடியும் கழுவினாள். திரும்பி வந்து, "அக்கா, நீங்க கண்டதை மட்டும் சொல்லுங்க. நான் அதை மட்டும்தான் எழுதலாம்" என்றாள்.

நான் கொதித்துப் போனேன். "நீரெல்லாம் ஒரு மனிசியே? கல்லுக்குக்கூட இரக்கம் இருக்கும். சம்பளத்துக்கு அழுகையை எழுதிறவள்!" இன்னும் கனக்கச் சொன்னேன். எழுதினால் கடதாசிக்கு அழகில்லை. அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினாள். போட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருடத்துக்கு மேல் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பங்குனி முடிய இரண்டு நாள் இருக்க, ஒன்பது கோப்பும் வழக்கறிஞரின் கைக்குப் போய்ச் சேர்ந்ததை நிருஷாதான் சொன்னாள்.

போன புரட்டாசியில் வழக்குத் தொடங்கியது. சாட்சிகள் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்கக் கூடாது என்று எங்களை வெளியே வெவ்வேறு இடத்தில் இருத்தினார்கள். என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். வழக்கறிஞர் சின்னப் பெண், என் மகளின் வயது இருக்கும். திரையில் படத்தைப் போட்டு, இது எந்த இடம் என்று கேட்டார்.

"என்ர வீட்டு அட்டிக்," என்றேன்.

எப்படி நிச்சயமாகத் தெரியும் என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"அந்த நீலக் கயிறு என்ர மனிசன் கட்டினது."

சொல்லிவிட்டு அழுதேன். இனி நீங்கள் உள்ளேயே பின்வரிசையில் இருக்கலாம் என்றார்கள். இருந்தேன். அடுத்து அருளம்பலம் என்ற வயதானவர் வந்தார், மனைவியை இழந்தவர். அவருக்கும் ஒரு படத்தைக் காட்டி எந்த இடம் என்று கேட்டார்கள்.

"எங்கட வீட்டு அட்டிக்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அதே சட்டம், அதே கறுப்பு, அதே நீலக் கயிறு. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் வீட்டு அட்டிக்கை இந்த மனிதர் தன்னுடையது என்கிறாரே என்று எழும்பப் போனேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. மூன்றாவதாகக் கௌசலா என்ற பெண் வந்தாள், அவளுக்குத் தகப்பன். அவளும் எங்கட வீடு என்றாள். நாலாவது ஆளும் அதையே சொன்னார். அதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. ஒன்பது செத்தவீடு, ஒரே படம். அது எங்கேயோ, யாருடையதோ ஒரு கூரை. அந்தக் கயிறு அவர் கட்டியது அல்ல. அந்தப் பூஞ்சணம் எங்கள் வீட்டில் இருந்ததே அல்ல.

தீர்ப்பு இரண்டு மாதம் கழித்து வந்தது. கம்பனிக்குப் பெரிய தண்டம். எங்கள் ஒப்பந்தங்களும் பிறகு செல்லாமல் போயின. அந்தத் தண்டக் காசு மாகாணத்தின் திறைசேரிக்குப் போகும். சிசிலியின் மணித்தியாலத்துக்கு அதில் ஒரு சதமும் வராது. அதற்கு அவள் இந்த மார்கழியும் சபையில் போய் நிற்கத்தான் வேண்டும், நானும் போய் என் குழந்தைப்பிள்ளைப் பிரெஞ்சில் கத்தத்தான் போகிறேன். ஆனால் எனக்கு வழக்கு முடிந்தது அந்தப் புரட்டாசி நாளில், நீதிமன்றத்து நடையில்.

மத்தியான இடைவேளைக்கு விட்டார்கள். சிசிலி வாங்குப் பலகை ஒன்றில் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு தனியே இருந்தாள். ஒன்றரை வருடத்தில் மெலிந்திருந்தாள். நான் போய் நேராக அவளுக்கு முன்னால் நின்றேன்.

"உமக்கு எப்ப தொட்டுத் தெரியும்?"

"ரெண்டாவது வீட்டில இருந்து."

"அப்ப நான் உம்மட கையைப் பிடிச்சு அழேக்க உமக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே கோப்பை கழுவினனீர்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "சொல்லியிருந்தா, நீங்க இண்டைக்கு உள்ள போய் என்ட வீட்டு அட்டிக் எண்டு சொல்லியிருக்க மாட்டீங்க, அக்கா. நீங்க அதை நம்பிச் சொன்னதுதான் சாட்சி. ஒன்பது பேரும் நம்பினாத்தான் அவங்கட பொய் பொய்யாகும். உங்கட போன் இலக்கத்தை எத்தனை தரம் அமத்தினன் தெரியுமா? கடைசி இலக்கத்துக்கு முதல் வைச்சிடுவன்."

என் பழியை நான் மட்டும் சுமக்கவில்லை. அவளும் ஒன்றரை வருடம் சுமந்திருக்கிறாள், என் ஏச்சையும் மேலே ஏற்றிக்கொண்டு. ஒரு வார்த்தையால் என்னை ஆற்றியிருக்கலாம், நான் அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பேன். அதைச் செய்யாமல் இருந்தாளே. எனக்குக் கோபமும் நன்றியும் ஒன்றாக வந்தன. பக்கத்தில் இருந்தேன்.

"இனிச் சாட்சி முடிஞ்சுதுதானே?" என்றேன்.

"ஓம். உங்கட முடிஞ்சிது."

"இனி நீர் என்னவும் சொல்லலாம்தானே?"

"ஓம், அக்கா."

"அப்ப வாயால சொல்லும்."

அவள் கோப்புகளைக் கீழே வைத்தாள். என்னுடைய கையை எடுத்துத் தன்னுடைய இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"அண்ணன் உங்களால சாகல்ல, அக்கா."

இன்னொருக்காச் சொல்லச் சொன்னேன். சொன்னாள்.